கிழக்குப் பக்க ஜன்னல்

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் தெரியாது. திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறி நின்றால் தென்கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், நடுவில் வெயில் காயும் சமவெளி. எந்தக் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஆனால் இடம் பிடிக்கத் தெரியும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிற பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிற கலையில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எந்த சீட்டில் போடுவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசி சீட்டு தூக்கிப் போடும். சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் காலை நீட்ட முடியாது. வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம், ரோடு தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். மலை ஏறும்போது பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தவர்கள், பயந்த சுபாவக்காரர்களுக்கு மறுபக்க சீட்டைப் பிடித்துக் கொடுப்பார்கள்.

ஒரு கப்பலில் எந்த கேபினை எடுப்பது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு எனக்குத் தோன்றியது, இதில் முக்கால்வாசி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று.

கப்பல் என்றால் எம்ப்ரஸ். 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்து, சென்னைத் துறைமுகத்திலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய கார்டீலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல். சொகுசு என்றதும் புதுசு என்று நினைத்துவிட வேண்டாம். அது 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. அப்போது அதற்கு நார்டிக் எம்ப்ரஸ் என்று பெயர். வெளிநாட்டுக் கடல்களில் முப்பது வருடம் ஓடிவிட்டு இந்தியாவுக்கு வந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தது. 2023 ஜூனிலிருந்து அது சென்னையிலிருந்து இலங்கைக்கும் போக ஆரம்பித்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, மறுபடி சென்னை. ஐந்து இரவு. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியது பெரியம்மா. வாட்ஸ்அப்பில். கீழே ஒரே ஒரு வரி, வாய்ஸ் மெசேஜாக: "ஏத்தா, இந்தக் கப்பல்ல பொம்பளையாளுகள மட்டும் ஏத்துவாங்களா?"

துணைக்கு ஆண்பிள்ளை வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்றேன். பெரியம்மா, அம்மா, நான் என்று மூன்று பேர் என முடிவானது. மூன்று பேருக்கும் ஒரே கேபின். கீழே இரண்டு கட்டில், சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற மூன்றாவது படுக்கை எனக்கு. ரயிலில் அப்பர் பெர்த் ஏறியே வளர்ந்த உடம்பு இது, அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினையெல்லாம் அந்த கேபின் கப்பலில் எங்கே இருக்க வேண்டும் என்பதில்.

கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு. முதல் தடவை பார்க்கும்போது நம்மூர் லாட்ஜை மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். நடுவில் நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள். வெளிப்பக்கம் இருப்பவற்றுக்கு ஜன்னலோ பால்கனியோ இருக்கும். உள்பக்கம் இருப்பவற்றுக்கு எதுவும் கிடையாது, நாலு சுவர். விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நடுராத்திரியும் ஒன்றுதான். அதுதான் மலிவு. ஜன்னல் வேண்டுமென்றால் கூட. பால்கனி என்றால் இன்னும் கூட. எங்களுக்கு உள்ளறைக்கும் ஜன்னல் அறைக்கும் இருந்த வித்தியாசம், மூன்று பேருக்கும் சேர்த்து, கோயம்புத்தூரில் நான் கொடுக்கிற ஒரு மாத வாடகை. பால்கனி விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன்.

டிக்கெட் போட்டுத் தந்த ஏஜெண்ட் இன்னொரு வழி சொன்னார். வகையை மட்டும் சொல்லிப் பணம் கட்டிவிடுவது. எந்த அறை என்பதைக் கப்பல்காரர்களே கடைசியில் ஒதுக்குவார்கள். கொஞ்சம் குறையும். "எங்க போட்டாலும் ஒரே கப்பல்தானே மேடம், ஒரே சாப்பாடுதானே." தனியாகப் போகிறவளாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

கூட வருவது அம்மா. வத்தலக்குண்டு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவர்.

கடல் குமட்டல் வயிற்றில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. கண்ணோ ஆடாத சுவரைப் பார்த்துவிட்டு 'இல்லையே' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படுவதால் மூளை குழம்பி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. தொடுவானம் தெரிந்தால் கண்ணும் காதும் ஓரளவு ஒத்துப்போகும். முன்சீட்டில் உட்காரச் சொல்வதும் அதனால்தான்.

கப்பலின் ஆட்டம் முக்கியமாக இரண்டு விதம். முன்னும் பின்னும் ஏறி இறங்குவது ஒன்று. கிணற்று ஏற்றத்தைப் பார்த்திருந்தால் இது புரியும். இப்போது யார் பார்த்திருக்கிறார்கள், சரி, சீசா பலகை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையும் ஆள் உயரம் ஏறி இறங்கும். நடுவில் தாங்குகிற இடம் அசையாது. அதனால் கப்பலின் மூக்கிலும் (மீனவர்கள் அதை அணியம் என்பார்கள்) வாலிலும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. இன்னொன்று பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நிமிர்வது. இதற்குத் தென்னை மரத்தை நினைத்துக்கொள்ளலாம். காற்றில் உச்சி ஊஞ்சலாடும், அடிமரம் சும்மா இருக்கும். அதனால் மேல்தளத்தில் ஆட்டம் அதிகம், கீழ்த்தளத்தில் குறைவு. பெரிய கப்பல்களுக்கு நீருக்கடியில் இரண்டு பக்கமும் மீன் செட்டை மாதிரி நீட்டிக்கொள்கிற ஸ்டெபிலைசர் இருக்கிறது. அது சாய்வை நன்றாகக் குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, கீழே, நடுவில். இது அம்மாவுக்கான விடை. நல்ல வேளையாகக் கீழ்த்தளம் விலையும் குறைவு. உயரம் ஏற ஏற ரேட் ஏறுகிற ஃப்ளாட் வியாபாரம் கடலிலும் உண்டு. பணக்காரர்கள் காசு கொடுத்து ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

இதற்குமேல் உள்ளது அக்கம்பக்கம் பார்ப்பது. வீடு பார்க்கும்போது கீழே ஃபேக்டரி இருக்கிறதா, பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டோமா, அதேதான். வரைபடத்தில் நம் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே நீச்சல்குளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம். காலுக்குக் கீழே ஆட்டம்பாட்ட அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். சமையற்கட்டு இருந்தால் தள்ளுவண்டிச் சத்தம். மூக்குப் பக்கம் நங்கூரச் சங்கிலி, வால் பக்கம் கீழே என்ஜின் அதிர்வு. மேலேயும் கீழேயும் மனிதர்கள் தூங்குகிற அறைகளே இருந்தால் உத்தமம். சில ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கும்; காசு ஜன்னலுக்கு, காட்சி படகின் வயிறு. இரண்டு அறைக்கு நடுவே கதவு வைத்த அறைகளில் பக்கத்து வீட்டுச் சண்டை முழுசாகக் கேட்கும். லிஃப்டை ஒட்டிய அறைக்கு எல்லோர் பேச்சும் வரும். ஆனால் பெரியம்மாவுக்கு மூட்டு வலி. எனவே லிஃப்டிலிருந்து ஐந்தாறு கதவு தள்ளி.

இத்தனையையும் சின்னாளப்பட்டியில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"எங்கப்பா சொன்னதுதான். நடுவுல படு, கீழ படுன்னு."

தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார் என்பது தெரியும். 1957-ல் ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்குள் திரும்பிப் போனார். அப்போது பெரியம்மாவுக்கு ஆறு வயது, அம்மா பாட்டியின் வயிற்றில். பிறகு அவர் வரவேயில்லை. பணம் கொஞ்ச காலம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. 1971-ல் இறந்துவிட்டார் என்று கடைக்காரர் எழுதிய கடிதம் வந்தது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருந்ததா என்று நான் ஒருமுறை கேட்டதற்குப் பாட்டி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

தாத்தா போனது எஸ்.எஸ். ராஜுலாவில். 1926-ல் கட்டிய நீராவிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் ஐம்பது வருடம் போய்வந்தது. மலேயாவுக்குப் போன தமிழர்களில் எத்தனையோ பேர் அதில் ஏறியவர்கள்தான். வெள்ளைக்காரர்களுக்கும் வசதியானவர்களுக்கும் கேபின் இருந்தது. மற்ற எல்லோரும் டெக் பாசஞ்சர். கட்டிய புதிதில் தளத்துப் பயணிகளாக மட்டும் 5,000 பேரை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. எண் போட்ட இடம் கிடையாது. ஏறியதும் ஓடிப்போய்ப் பாயை விரித்தால், விரித்த இடம் உங்களுடையது. அந்தப் பாய்தான் பினாங்கு வரைக்கும் வீடு. இறங்கிய பிறகும் தளத்துப் பயணிகள் நேராக ஊருக்குள் போய்விட முடியாது. ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம். கேபின்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த இடத்தில் படுத்தாய் என்பது கப்பலை விட்டு இறங்கிய பிறகும் கூடவே வந்திருக்கிறது.

அந்த ஒரு வருடத்தில் ஆறு வயதுப் பெண்ணுக்கு அவர் சொன்னது பெரும்பாலும் இதுதானாம்: எங்கே பாய் விரிப்பது. "புகைபோக்கிப் பக்கம் படுத்தா குளிராது, ஆனா கரி விழும். கக்கூஸ் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு முதல்ல பாத்துக்கணும். ஓரத்துக்குப் போகக் கூடாது, வாந்தி வரும். டிரங்குப் பெட்டியக் கயித்தால கால்ல கட்டிக்கணும்." பெரியம்மா இதையெல்லாம் ஒரு மனப்பாடச் செய்யுள் மாதிரி சொன்னார். திண்ணையில் பாயை விரித்து, அதுதான் கப்பல் என்று இருவரும் விளையாடியிருக்கிறார்கள். அறுபத்தைந்து வருடமாக அந்தப் பாடம் அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது, ஒரு கப்பலிலும் ஏறாமலேயே.

ஏறப் பார்த்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ராஜுலாவுக்குப் பிறகு அந்த வழியில் எம்.வி. சிதம்பரம் ஓடியது. பிரான்ஸ்காரர்களிடமிருந்து ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கிய கப்பல். கையில் டெய்லரிங் காசு கொஞ்சம் சேர்ந்ததும் அதில் பினாங்குக்குப் போய் அப்பாவைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பெரியம்மா நினைத்திருந்தார். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கடலில் தீப்பிடித்தது. நாற்பது பேர் அளவில் செத்தார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. பெரியப்பா செய்தித்தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம்.

"அப்ப இந்தக் கப்பல் பினாங்குக்குப் போகாதுல்ல?" என்றார்.

"போகாது பெரியம்மா. சிலோன்தான்."

"தெரியும். ஆனா அதே தண்ணிதானே."

வங்காள விரிகுடா. அதே தண்ணீர்தான்.

அங்கே வந்தது வம்பு. அம்மா உள்ளறை போதும் என்றார். காசும் மிச்சம், தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும், எதுக்கு ஜன்னல் என்றார். நான் தொடுவானக் கதையைச் சொன்னேன். ஜன்னல் இருந்தால்தான் தலை சுற்றாது. "ராத்திரில என்னடி வானம் தெரியப் போகுது?" நியாயமான கேள்வி. பெரியம்மா ஜன்னலுக்கான கூடுதல் காசைத் தானே தருவதாகச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, உனக்கு அவரத் தெரியும். மடியில உக்கார வெச்சுக் கதை சொன்னாரு. எனக்கு என்ன இருக்கு அங்க பாக்க? எங்கம்மா வயித்துல என்னைய வெச்சுக்கிட்டுத் தனியா நின்னது மட்டுந்தான் எனக்குத் தெரியும். அந்தாளு போன தண்ணிய நான் எதுக்குக் காசு குடுத்துப் பாக்கணும்?"

அறுபத்தைந்து வயது அம்மா இதை முதல் தடவையாகச் சொல்கிறார் என்பது பெரியம்மாவின் முகத்தில் தெரிந்தது. நான் லேப்டாப்பை மூடினேன். அன்றைக்குச் சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. நல்ல மீன் குழம்பு, வீணாகப் போனது.

கேபின் தேர்வு என்றால் ஒரு பழைய கதை எல்லோரும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பகட்டானவற்றை 'போஷ்' என்கிறார்களே, அந்தச் சொல் வந்ததே இங்கிலாந்து–இந்தியக் கப்பல்களின் கேபினால்தான் என்று. போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. கிழக்கு நோக்கிப் போகும்போது இடப்பக்கம் வடக்கு, வெயில் குறைவு. திரும்பும்போது வலப்பக்கம் வடக்கு. காசுள்ள துரைமார்கள் அப்படிக் கேட்டு வாங்கினார்களாம், டிக்கெட்டில் அந்த நாலெழுத்தை அச்சடித்தார்களாம். அகராதிக்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டு இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படி அச்சடித்த ஒரு டிக்கெட்டும் கிடைக்கவில்லை. சொல் பிறந்த கதை பொய். ஆனால் சூரியனின் கணக்கு பொய் இல்லை. எந்தப் பக்கம் என்பது உண்மையிலேயே ஒரு கேள்விதான்.

எனக்கு அதில்தான் ஒரு வழி கிடைத்தது. சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்குக் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு வெளியே தெற்கு நோக்கிப் போகும். தெற்கு பார்த்துப் போகிற கப்பலில் இடப்பக்கம் கிழக்கு. அந்தப் பக்கம் நிலமே கிடையாது. நேராகப் பார்த்துக்கொண்டே போனால் அந்தமான் கடல், அதற்கப்பால் மலாய்க் கரை. வலப்பக்கம் எடுத்தால் எங்கோ இலங்கை இருக்கிற பக்கம், மாலை வெயில். திரும்பி வடக்கே வரும்போது எல்லாம் தலைகீழாகும். அதே இடப்பக்க ஜன்னல் மேற்கே, ஊர்ப் பக்கம் பார்க்கும்.

இதை நான் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன், பெரியம்மாவிடம் இல்லை. சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். போகும்போது பெரியம்மாவுக்கு, வரும்போது உனக்கு என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. நறுக்கி முடித்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கண்ணாடி திறக்குமா?" என்று கேட்டார். திறக்காது என்றேன். "அப்ப சரி. அவ எட்டிப் பாக்கமாட்டா."

கீழ்த்தளம், நடுப்பகுதி, இடப்பக்கம், லிஃப்டிலிருந்து ஆறாவது கதவு. ஜூலை மாதம்.

கப்பலில் ஏறியதும் முதல் வேலை ஒத்திகை. ஆபத்து என்றால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்டுவது என்று காட்டுகிறார்கள். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்த பிறகு, கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதைச் செய்தாக வேண்டும் என்று உலக விதியே வந்துவிட்டது. ஆரஞ்சு அங்கிகளைப் பார்த்துப் பெரியம்மா, "சிதம்பரத்துல இதெல்லாம் குடுத்திருப்பாங்களா?" என்று என் காதில் கேட்டார்.

மற்றபடி கப்பலைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பஃபே, பாட்டு, மேஜிக் ஷோ, நீச்சல்குளத்தருகே செல்ஃபி எடுக்கிற கூட்டம். சாம்பார் இனித்தது. முதல் நாள் இரவு கடல் தொட்டித் தண்ணீர் மாதிரி கிடந்தது. அம்மா எலுமிச்சம்பழத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. மறுநாள் முழுக்கக் கடல் மட்டும்தான். பெரியம்மா சாப்பாட்டுக்குத் தவிர அறையை விட்டு வரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் சம்மணமிட்டு, கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். டிவி பார்க்கிற மாதிரி. அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும், "இவ்வளவு தூரமா?" என்றார். இன்னொரு முறை, "மேல வெயில்ல எப்படிக் கிடந்தாரோ" என்றார்.

இலங்கையின் தெற்குக் கரையை நெருங்கியபோது தென்மேற்குப் பருவக் காற்று பிடித்துக்கொண்டது. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது. மேல்தளத்தில் ஆட்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்ததாக அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் சொன்னான். எங்களுக்கு தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அம்மா அரைத் தூக்கத்தில், "நடுவுல எடுத்தது நல்லதாப் போச்சுடி" என்றார். அது யார் சொன்ன யோசனை என்று நானும் சொல்லவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து கிளம்பிய இரவு, தாங்கள் படுத்திருந்த கட்டில்களை இருவரும் மாற்றிக்கொண்டார்கள். ஜன்னல் பக்கம் அம்மா. ராத்திரி எத்தனை மணியோ தெரியாது, மேல் படுக்கையிலிருந்து கண் விழித்துப் பார்த்தபோது இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. தூரத்தில் ஏதோ ஒரு மீன்பிடிப் படகின் விளக்கு மட்டும்.

"அவருக்கு இடது கையில ஒரு தழும்பு இருக்கும்" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "இங்கன. உனக்கு மச்சம் இருக்குல்ல, அதே இடம்."

அம்மா கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எதனால வந்த தழும்பு?"

"டிரங்குப் பெட்டி மூடி விழுந்து. கப்பல்ல."

"பெட்டியக் கால்லதானே கட்டச் சொன்னாரு? கை எப்படி மாட்டுச்சு?"

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் எழுந்துவிடக் கூடாதாம்.